8 அடிக்கு 9 அடி அறை: பிள்ளைக்கு எப்படி ஒழுங்குபடுத்துவது?

கல்லடிக்காரி | ஜூன் 11, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இது எனக்கு முதல் பிள்ளை, ஆறு மாதம் முடிகிறது. செப்டம்பர் நடுப்பகுதி என்று திகதி தந்திருக்கிறார்கள்.

வீடு மட்டக்களப்பு, கல்லடியில். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டுத்திட்ட வீடு, 500 சதுர அடி. அம்மாவின் பெயரில் இருந்ததை என் கலியாணத்தோடு எனக்கு எழுதித் தந்துவிட்டு, அம்மாவும் அப்பாவும் அதே வளவுக்குள் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். உள்ளே இரண்டே அறை. சின்ன அறைதான் பிள்ளைக்கு. கிழக்கு மேற்காக 9 அடி, வடக்கு தெற்காக 8 அடி. கதவு கிழக்குச் சுவரின் தெற்கு மூலையில், யன்னல் மேற்கில். கூரை அஸ்பெஸ்டஸ் சீற், சீலிங் இல்லை. இதுவரை நெல் மூட்டையும் தையல் மெசினும் அம்மம்மாவின் தேக்கு அலுமாரியும்தான் அதற்குள் கிடந்தன.

கடையில் ஒரு வெள்ளைச் செற் பார்த்து வைத்திருக்கிறேன்: தொட்டில் கட்டில், உடுப்பு அலுமாரி, பிள்ளைக்கு உடை மாற்றும் மேசை, மூன்றும் ஒரே மாதிரி. சுவருக்கு வெளிர் பச்சை. தொட்டிலுக்கு மேலே வலைத்துணி தொங்கவிட்டு, உள்ளே சுற்றிவரப் பஞ்சுத் திண்டு கட்ட ஆசை. திண்டு வாங்கியும் விட்டேன். ஆனால் அளந்து பார்த்தால் மூன்றும் உள்ளே போனபின் நான் நிற்க இடம் இருக்குமா என்றே சந்தேகமாக இருக்கிறது. படத்தில் பார்க்கிற அறைகளைப் போல அழகாகவும் வேண்டும், புழங்கவும் வேண்டும். யோசனை சொல்லுங்கள்.

வாவிக்கரை | ஜூன் 11, இரவு 10.25

தங்கச்சி, வாழ்த்துகள். நான் வீட்டுப்படம் கீறுகிற வேலை செய்கிறவன், அதனால் கணக்கில் இருந்து தொடங்குகிறேன்.

உங்கள் அறை 72 சதுர அடி. தொட்டில் வெளி அளவு ஏறக்குறைய 4 அடி 2 அங்குலத்துக்கு 2 அடி 3 அங்குலம் வரும். அலுமாரியும் மேசையும் ஐந்தைந்து சதுர அடி பிடிக்கும். உள்ளே திறக்கிற கதவு சுழல இன்னும் 7 சதுர அடியை வெறுமையாக விட வேண்டும். கழித்தால் 45 சதுர அடி மிஞ்சுகிறது போலத் தெரியும். அது துண்டு துண்டாகத்தான் மிஞ்சும். அலுமாரிக் கதவைத் திறந்து முன்னால் நிற்க 2 அடி, தொட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து பிள்ளையைத் தூக்க 2 அடி. அதையும் எடுத்துவிட்டால் நடுவில் ஒரு ஆள் திரும்புகிற இடம்தான் இருக்கும்.

நாளைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை சொல்கிறேன். அறையை முழுக்க வெறுமையாக்குங்கள். பழைய பேப்பரை ஒவ்வொரு சாமானின் அளவுக்கும் ஒட்டி வெட்டி நிலத்தில் விரியுங்கள். பிறகு இரவு லைற்றை அணைத்துவிட்டு, கையில் ஒரு தலையணையைப் பிள்ளையாக நினைத்துத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். பேப்பரை எங்கே மிதிக்கிறீர்களோ அங்கே அந்தச் சாமான் நிற்கக் கூடாது.

இரண்டாவது, கதவு. பிணைச்சலைக் கழற்றி வெளியே, ஹோலுக்குள் திறக்கிற மாதிரி மாற்றுங்கள். தச்சருக்கு அரை நாள் வேலை. அந்த 7 சதுர அடி அப்படியே உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். சின்ன அறையில் இதைவிட மலிவான வேலை எனக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை. இரவில் அந்த அறையில் யார் யார் படுக்கப் போகிறீர்கள்?

கல்லடிக்காரி | ஜூன் 12, காலை 6.15

இவருக்குக் கொழும்பில் வேலை. வெள்ளி இரவுக் கோச்சியில் வந்து ஞாயிறு திரும்பிவிடுவார். மற்ற நாட்களில் அம்மா வந்து என்னோடு படுப்பார். பிள்ளையைச் சின்ன அறையில் படுக்க வைத்து, நானும் அம்மாவும் பெரிய அறையில் இருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கதவைத் திறந்து வைத்தால் சத்தம் கேட்கும்தானே?

நேர்ஸ்அக்கா | ஜூன் 12, பிற்பகல் 2.50

தங்கச்சி, பிள்ளைகள் வார்ட்டில் பல வருடம் வேலை செய்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குறைந்தது முதல் ஆறு மாதம் பிள்ளை தாயின் அறையிலேயே, தாய்க்குப் பக்கத்தில், ஆனால் தனக்கென்று தனிப் படுக்கையில் தூங்க வேண்டும். நித்திரையில் திடீரென நடக்கும் சிசு மரணங்கள் குறைவதற்கு இது ஒரு முக்கிய காரணம். பால் கொடுக்கவும் இதுதான் சுகம். பிள்ளை வீறிட்டு அழுவதற்கு முன்பே வாயைச் சப்புக்கொட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அடுத்த அறையில் இருந்தால் அது கேட்காது.

எந்த நித்திரையானாலும் மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். மெத்தை தட்டையாக, இறுக்கமாக இருக்க வேண்டும். கையால் அமுக்கினால் பள்ளம் விழுகிற பஞ்சு மெத்தை கூடாது. தொட்டிலுக்குள் இறுக்கமாக விரித்த ஒரு விரிப்பைத் தவிர வேறு ஒன்றும் வேண்டாம். தலையணை, பொம்மை, தடித்த போர்வை ஒன்றும் வேண்டாம்.

நீங்கள் வாங்கிய திண்டைப் பற்றிச் சொல்ல எனக்கே கவலையாக இருக்கிறது. அதைக் கட்டாதீர்கள். பிள்ளை முகத்தை அதில் பதித்து மூச்சுத்திணறும், நாடா கழுத்தில் சுற்றும். அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே அதன் விற்பனையைத் தடை செய்தார்கள். தொங்குகிற அலங்காரத் துணியும் அதே மாதிரித்தான், எட்டிப் பிடித்து இழுக்கிற வயது சீக்கிரம் வந்துவிடும். ஆனால் நுளம்பு வலை கட்டாயம் வேண்டும், எங்கள் பக்கத்து டெங்கு உங்களுக்குத் தெரியும். வலை இறுக்கமாக, பிள்ளையின் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். அடைத்த சின்ன அறைக்குள் நுளம்புச்சுருள் கொளுத்துவதையும் விட்டுவிடுங்கள்.

கல்லடிக்காரி | ஜூன் 12, இரவு 8.05

அக்கா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அந்தத் திண்டு நான் பிள்ளைக்கென்று வாங்கிய முதல் சாமான். சரி, கட்டமாட்டேன். பிரித்து, என் முதுகுக்குப் பின்னால் வைக்கிற குசனாகத் தைத்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் நான் சின்ன அறைக்குள் போய்ப் படுக்க வேண்டும், அல்லது தொட்டில் பெரிய அறைக்கு வர வேண்டும். எது நல்லது?

மூன்றுபிள்ளைத்தாய் | ஜூன் 13, பகல் 11.30

நான் ஆரையம்பதி. எங்கள் வீடும் ஏறக்குறைய உங்களுடைய வீடு மாதிரித்தான், மூன்று பிள்ளைகளையும் இப்படி ஓர் அறையில்தான் வளர்த்தேன். நீங்கள் சின்ன அறைக்குப் போங்கள். பெரிய அறையில் அவரின் சாமான், உங்கள் சாமான், அயர்ன் மேசை என்று எல்லாம் இருக்கும், நடுச்சாமத்தில் நெப்பி தேடிப் பிடிக்க முடியாது. சின்ன அறை பிள்ளைக்கும் உங்களுக்குமாக மட்டும் இருக்கட்டும்.

ஆனால் பெயின்ற் நிறத்தை யோசிக்க முன் சூட்டை யோசியுங்கள். மேற்கு யன்னல், சீலிங் இல்லாத சீற். இப்போது சூடான கச்சான் காற்று வீசுகிற காலம். பின்னேரம் மூன்று மணிக்கு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் இருந்து பாருங்கள். என் மூத்தவனுக்கு முதல் ஆனி மாதம் முழுக்க உடம்பெல்லாம் வேர்க்குரு. நான் திரைச்சீலைக்கு மேல் திரைச்சீலை போட்டேன், ஒன்றும் சரிவரவில்லை. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரைச்சீலை என்ன செய்யும்? பிறகு அப்பா வந்து யன்னலுக்கு வெளியே, சுவரில் இருந்து ஒன்றரை அடி தள்ளி, கிடுகால் ஒரு சாய்ப்பு இறக்கித் தந்தார். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. வெயிலை வெளியிலேயே மறிக்க வேண்டும்.

காசு இருந்தால் முதலில் சீலிங் அடியுங்கள், அந்த வெள்ளைச் செற் பிறகு பார்க்கலாம். கதவுக்கு மேலே ஒரு காற்றுத் துவாரமும் விட்டால் சூடு மேலால் வெளியேறும். ஒரு சார்ஜ் ஃபேனும் வாங்கி வையுங்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது என் கடைசிக்கு நாலு மாதம். விசிறியால் வீசி வீசிக் கை மரத்துப்போன இரவுகளை என்னால் மறக்க முடியாது.

உடை மாற்றும் மேசை வீண். ஒரு வருடம்கூடப் பாவிக்கமாட்டீர்கள். கட்டிலில் ஒரு றப்பர் சீற் விரித்து மாற்றலாம். பிள்ளை புரளத் தொடங்கினால் பாயில் வைத்து மாற்றுங்கள், விழ இடமில்லை.

சம்மாந்துறை மரவேலை | ஜூன் 13, இரவு 9.15

தங்கச்சி, கடைச் செற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளையாக மினுங்குகிறதெல்லாம் அநேகமாக மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை. கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரியில் சுவரே வியர்க்கும். அந்தப் பலகை ஈரம் குடித்துக் கீழ் விளிம்பால் ஊதும், ஊதினால் திருத்த முடியாது. இரும்பு ஆணியும் பிணைச்சலும் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும், பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் கேளுங்கள்.

அம்மம்மாவின் தேக்கு அலுமாரி இருக்கும்போது இன்னோர் அலுமாரி எதற்கு? அதை விடவே விடாதீர்கள். ஆனால் மேலே இரண்டு எல் தகடு வைத்துச் சுவரோடு இறுக்குங்கள். பிள்ளை தவழ்ந்து, பிடித்து எழும்பி, லாச்சியை இழுத்து அதில் ஏறப் பார்க்கும். தேக்கு அலுமாரி சாய்ந்தால் தூக்க நாலு பேர் வேண்டும்.

தொட்டிலை மட்டும் செய்வியுங்கள். என்னிடம்தான் என்றில்லை, உங்கள் ஊரிலேயே நல்ல தச்சுப் பாஸ்மார் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: கம்பிக்குக் கம்பி இடைவெளி 6 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. ஒரு சோடா ரின் உள்ளே நுழைந்தால் அந்தத் தொட்டில் பிழை, பிள்ளையின் உடம்பு வழுக்கி இறங்கும், தலை மாட்டும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. அதனால் மெத்தையை முதலில் வாங்கி, அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் அந்த அளவுக்குத் தொட்டில் செய்வியுங்கள். எல்லாரும் மாறித்தான் செய்கிறார்கள். மூலைக் கால்களில் குமிழ் வைக்கச் சொல்லாதீர்கள், உடுப்பு கொழுவும். தலைமாட்டில் பூ வெட்டும் வேண்டாம், வெட்டுக்குள் தலையோ கையோ சிக்கும். ஒரு பக்கச் சட்டம் கீழே இறங்குகிற தொட்டில் கேட்டு வருகிறார்கள், நான் செய்து கொடுப்பதில்லை. அமெரிக்காவில் 2011இலேயே அதை நிறுத்திவிட்டார்கள். படுக்கைப் பலகையை இரண்டு உயரத்தில் பூட்டுகிற மாதிரிச் செய்தால் போதும். பிறந்த பிள்ளைக்கு மேலே, எழும்பி இருக்கத் தொடங்கினால் கீழே.

சொந்தக்காரர் வீட்டுப் பழைய தொட்டில் கிடைத்தால் கவனம். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், பிள்ளை பல் முளைக்கும்போது மேல் சட்டத்தைத்தான் கடிக்கும். அதை வீட்டுக்குள் வைத்துத் தேய்க்கவும் வேண்டாம், வயிற்றில் பிள்ளையோடு அந்தத் தூசிக்குக் கிட்டப் போகவும் வேண்டாம். சீலிங் அடிக்கும்போதும் அஸ்பெஸ்டஸ் சீற்றைத் துளைக்க, சுரண்ட, காயத் தூசு தட்ட விடாதீர்கள். அந்த இரண்டு மூன்று நாளும் பின்வீட்டில் அம்மாவோடு இருங்கள்.

அம்மம்மா பாண்டிருப்பு | ஜூன் 14, காலை 7.40

எல்லாரும் தொட்டில், தொட்டில் என்கிறீர்கள். ஏணையை ஒருவரும் சொல்லவில்லையே மகள்? நாலு பிள்ளை, ஏழு பேரப்பிள்ளைகள், அத்தனையும் என் பழைய நூல் சேலையில் கட்டிய ஏணையில்தான் வளர்ந்தார்கள். இடமும் பிடிக்காது. பகலில் அவிழ்த்து மடித்து வைத்தால் அறை வெறுமை. தாய் சமைக்கும்போது காலால் ஒரு உந்து உந்தினால் பிள்ளை நித்திரை. உங்கள் 9 அடி அறைக்கு அதைவிடப் பொருத்தமானது என்ன இருக்கிறது?

நேர்ஸ்அக்கா | ஜூன் 14, இரவு 7.20

அம்மா, நானும் ஏணையில் வளர்ந்தவள்தான். ஏணைக்குள் கிடக்கும் சின்னப் பிள்ளையின் உடம்பு வளைந்து நாடி நெஞ்சில் முட்டும், மூச்சுப்பாதை மடங்கும். சேலையின் இரண்டு பக்கமும் முகத்துக்கு மேல் கூடும். பகலில் ஒருவர் பக்கத்தில் இருந்து ஆட்டி, கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு, எல்லாரும் அயர்ந்து தூங்குகிற இரவு வேறு. அந்தக் காலத்தில் வீடு நிறைய ஆள் இருந்தது, யாரோ ஒருவர் முழித்திருப்பார். இப்போது தாயும் அம்மாவும் இரண்டே பேர்.

அதனால் ஏணை கட்டுவதென்றால் பகலில், ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும். அழுத பிள்ளையை ஆட்டி அடக்கவும், நித்திரை வந்ததும் எடுத்துத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்தவும்.

அம்மம்மா பாண்டிருப்பு | ஜூன் 14, இரவு 9.00

நாடி முட்டுவது சரிதான், நானும் கண்டிருக்கிறேன், நிமிர்த்தி நிமிர்த்தி விடுவேன். நீ சொல்கிற மாதிரியே செய்யட்டும். ஆனால் மகள், கூரை வளையை நம்பி ஏணை கட்டாதே. வீட்டுத்திட்ட வீட்டின் வளை மெல்லிசு. கொளுக்கியில் நெல் மூட்டை ஒன்றைக் கட்டி ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டுப் பார்.

நிந்தவூர் உம்மா | ஜூன் 15, பகல் 12.10

மகள், இவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டபின் அறை அழகாக இருக்காதே என்று உங்கள் மனம் யோசிக்கும். இருக்கும். அழகுக்குத் தனிச் சாமான் வேண்டாம், எப்படியும் வேண்டிய சாமானே வடிவாக இருந்தால் போதும்.

சுவருக்கு வெளிர் பச்சை நல்லது, ஆனால் மூன்று சுவரையும் சீலிங்கையும் வெள்ளையாக விட்டு, தொட்டில் நிற்கிற சுவருக்கு மட்டும் அடியுங்கள். வெளிச்சம் குறையாது. யன்னலுக்கு மருதமுனைக் கைத்தறித் துணி எடுங்கள். நான் பச்சையில் சிவப்புக் கரை எடுத்தேன், மூன்று வருடம் தோய்த்தும் நிறம் போகவில்லை. கயிறு தொங்காத திரைச்சீலையாக, யன்னல் அடி வரைக்கும் மட்டும் தையுங்கள். நிலத்துக்கு நம்முடைய பன்பாய். கம்பளம் மாரியில் மணக்கும், பாயை உதறி வெயிலில் போட்டால் முடிந்தது. நெப்பி, துவாய், சட்டை எல்லாம் பனையோலைப் பெட்டிகளில். மூடி போட்ட நாலு பெட்டி கட்டிலுக்குக் கீழே போகும், இழுத்தால் வரும். என் மகளின் அறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்தப் பெட்டிகளை எங்கே வாங்கினீர்கள் என்றுதான்.

லைற்றையும் மறக்க வேண்டாம். நடுவில் தொங்குகிற வெள்ளை லைற்றை இரவில் போட்டால் பிள்ளை முழுசாக முழித்துவிடும். கதவுப் பக்கமாக, கையெட்டும் இடத்தில், மங்கலான மஞ்சள் லைற் ஒன்று போதும்.

பால் கொடுக்கக் கதிரை எது? அப்பாவின் சாய்மனைக் கதிரையைப் போட்டுவிடாதீர்கள். பார்க்க வடிவு, ஆனால் பள்ளம். சிசேரியன் என்றால் பிள்ளையோடு அதிலிருந்து எழும்ப முடியாது, என் மகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நேரான முதுகும் கைப்பிடியும் உள்ள கதிரைதான் வேண்டும்.

வாவிக்கரை | ஜூன் 15, இரவு 8.45

எல்லாவற்றையும் வைத்து ஒரு படம் கீறிப் பார்த்தேன், சொல்லில் சொல்கிறேன். வடக்குச் சுவரோடு உங்களுக்கு ஒரு தனிக்கட்டில், 6 அடி 3 அங்குலத்துக்கு 3 அடி, கால் யன்னல் பக்கம், தலை கிழக்கே. அந்தத் தலைமாட்டுக்கு அப்பால், கிழக்குச் சுவரோடு தொட்டில் குறுக்கே. இரண்டும் சேர்ந்து 8 அடி 6 அங்குலம், உங்கள் 9 அடிக்குள் அடங்கும். படுத்தபடி கையை நீட்டினால் தொட்டிலின் சட்டம். தொட்டில் யன்னலுக்கும் வெயிலுக்கும் தூரம், கைக்கெட்ட பிளக்கும் இல்லை, திரைச்சீலையும் இல்லை. அதே கிழக்குச் சுவரில் கதவு மிஞ்சிய இடத்தில் வரும். அலுமாரி தெற்குச் சுவரின் மேற்கு மூலையில், அதற்கு இங்கால் கதிரை. நடுவில் 3 அடி அகலமும் 6 அடிக்கு மேல் நீளமும் வெறும் நிலம். இரவில் அம்மா அங்கே பாய் விரித்துப் படுக்கலாம்.

அந்த இடத்தில் தயவுசெய்து எதையும் வைக்காதீர்கள்.

கல்லடிக்காரி | செப்டம்பர் 3, பிற்பகல் 4.30

இன்னும் இரண்டு கிழமைதான். அறை முடிந்துவிட்டது, உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளைச் செற் வாங்கவில்லை. அந்தக் காசில் சீலிங் அடித்தோம், கதவை வெளியே திருப்பினோம், மேலே காற்றுத் துவாரம் விட்டோம். தொட்டில் மகோகனியில், மெத்தையை முதலில் கொடுத்துத்தான் செய்வித்தேன். பாஸ் சிரித்தார், ஆனால் இரண்டு விரல்தான் போகிறது. பெயின்ற் ஆறு கிழமைக்கு முந்தியே அடித்து யன்னல்களைத் திறந்து வைத்ததால் இப்போது மணம் துளியும் இல்லை. அப்பா தானே கிடுகு பின்னிச் சாய்ப்பு இறக்கினார். பின்னேரம் மூன்று மணிக்கு உள்ளே இருந்து இதை எழுதத் தொடங்கினேன், இருக்க முடிகிறது.

அம்மம்மாவின் அலுமாரியைத் துடைக்கும்போது உள்ளே அடித்தட்டில் நான் பிறந்தபோது போட்ட ஒரு சட்டை இருந்தது. 1978 சூறாவளிக்குப் பிறகு செய்வித்த அலுமாரி அது, சுனாமியில் தண்ணீர் குடித்தும் கதவு இன்னும் நேராகச் சாத்துகிறது. நல்ல வேளை அதை விற்கவில்லை. சுவரோடு இறுக்கியாயிற்று.

கல்லடிக்காரி | டிசம்பர் 8, விடியற்காலை 3.20

மகளுக்கு இன்றோடு பதினொரு கிழமை. பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாள், எனக்கு நித்திரை வரவில்லை.

மழை எட்டு நாளாக விடவில்லை. ஒரு பிரச்சினை. அலுமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, சட்டைகளில் ஈர மணம். நெப்பிகளை அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டேன், அதனாலா?

வாவிக்கரை | டிசம்பர் 8, காலை 6.50

அதனால்தான். ஈரத் துணியில் இருக்கிற தண்ணீர் எல்லாம் அந்தச் சின்ன அறையின் சுவருக்குத்தான் போகும். கொடியை ஹோலுக்கோ விறாந்தைக்கோ மாற்றி, அங்கே ஃபேனைப் போடுங்கள். அலுமாரியைச் சுவரில் இருந்து இரண்டு அங்குலம் முன்னுக்கு எடுத்து, நடுவில் மரக்கட்டை வைத்துத் திரும்ப இறுக்குங்கள். காற்று பின்னால் ஓட வேண்டும். பூஞ்சணத்தைக் காயத் தேய்க்காமல், சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை எறிந்துவிடுங்கள். பிள்ளை அப்போது பின்வீட்டில் இருக்கட்டும். மழை விட்ட நேரமெல்லாம் வலை அடித்த யன்னலைத் திறந்து வையுங்கள்.

மூன்றுபிள்ளைத்தாய் | டிசம்பர் 8, காலை 9.10

பனையோலைப் பெட்டிகளையும் வெளியே எடுத்துப் பாருங்கள். மூடி போட்டு வைத்தால் அதற்குள்ளும் பிடிக்கும். தை பிறக்கும் வரைக்கும் மூடியைக் கழற்றி வையுங்கள்.

கல்லடிக்காரி | டிசம்பர் 14, இரவு 10.40

கொடி விறாந்தைக்குப் போய்விட்டது. அலுமாரிக்குப் பின்னால் கட்டை வைத்து இறுக்கியாயிற்று, சுவர் காய்ந்து வருகிறது. நாலு பெட்டியில் ஒன்றில் மட்டும் லேசாகப் பிடித்திருந்தது.

வாவிக்கரை அண்ணா, நடுவில் விடச் சொன்ன அந்த வெறும் நிலத்தில் இப்போது அம்மா படுத்திருக்கிறார். பகலில் அதே பாயில் மகளைக் குப்புறக் கிடத்தினால் தலையைத் தூக்கி, கிழக்குச் சுவரின் பச்சையைப் பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை இவர் வந்தால் அவருக்கும் அங்கேதான் இடம். போன கிழமை கோச்சி பிந்தி வந்து, விடியற்காலையில் சத்தமில்லாமல் உள்ளே வந்தவர் இருட்டில் ஒன்றிலும் தட்டுப்படாமல் தொட்டிலடிக்குப் போய் நின்றார்.

நிந்தவூர் உம்மா, அந்தச் சிவப்புக் கரைத் துணி மருதமுனையில் எந்தப் பக்கம் எடுத்தீர்கள்? பெரிய அறை யன்னலுக்கும் வேண்டும்.